பைப்லைனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் தேதி இருக்கு, பெருங்குடலுக்கு?



போன எபிசோட்டில் மானிட்டரிங், அலர்ட்டிங் பற்றிப் பேசினோம். சர்வர் விழுந்த பிறகு மெசேஜ் அனுப்புறதுக்குப் பேர் மானிட்டரிங் இல்லை, விழறதுக்கு முன்னாடி தெரியற மாற்றத்தைப் பிடிக்கிறதுதான் மானிட்டரிங்னு சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுட்டு ஒரு லிசனர் எழுதியிருந்தார்: "எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். ஏழு வருஷமாச்சு. அடுத்த வருஷம் சர்வைலன்ஸ் கொலோனோஸ்கோப்பி பண்ணணும்னு டாக்டர் சொல்றார். மருந்து சாப்பிட்டு நல்லாத்தான் இருக்கேன். எந்தத் தொந்தரவும் இல்லாதப்ப எதுக்கு இது?"

இதுக்கு மைக்ல ரெண்டு வரியில பதில் சொல்ல எனக்கு மனசு வரலை. ஏன்னா எனக்கும் அதே நோய்தான். 2012-ல் திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கும்போது ஆரம்பிச்சது. அதனால இந்த வார நியூஸ்லெட்டர் முழுக்க இதுக்குத்தான். நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச கான்ட்ராக்டர். எல்லா நோயாளியும் தெரிஞ்சு வைக்க வேண்டிய பொதுவான விஷயத்தைத்தான் எழுதறேன். உங்க முடிவை உங்க டாக்டரோட பேசி எடுங்க.

முதல்ல நோய், சுருக்கமா

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னா பெருங்குடலின் உட்சவ்வில் வரும் நீண்டகால அழற்சி. உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே தன் குடலைத் தாக்குது. மலக்குடலில் ஆரம்பிச்சு, இடைவெளி விடாம மேல்நோக்கிப் பரவும். சிலருக்கு மலக்குடலோட நின்னுடும், சிலருக்கு இடது பக்கம் வரை போகும், சிலருக்குப் பெருங்குடல் முழுக்க. ரத்தம் கலந்த பேதி, அவசரமா ஓட வைக்கிற உணர்வு, வயித்து வலி, சோர்வு எல்லாம் வரும். அப்புறம் மருந்தில் அடங்கும். திரும்ப ஒருநாள் எழும்பும்.

"மூலம்" என்று சொல்லி வீட்டில் மறைக்கப்படுற நோய்களில் இதுவும் ஒண்ணு. ரத்தம் போகுதுன்னு அம்மாகிட்ட சொல்லவே நம்ம பசங்களுக்கு மாசக்கணக்கா ஆகும். சொன்னா "சூடு, மோர் குடி"ன்னு பதில் வரும். இந்தத் தாமதம் ஏன் முக்கியம்னு கொஞ்சம் கழிச்சுப் பார்ப்போம். கண்காணிப்புக் கடிகாரம் அங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்குது.

அழற்சிக்கும் புற்றுக்கும் நடுவுல என்ன இருக்கு?

இந்த நோய் உள்ளவங்களுக்குக் குடல் புற்று வரலாம்னு கவனிச்சது புதுசு இல்லை. க்ரோன்ஸ் நோய்க்குப் பேர் கொடுத்த பர்ரில் க்ரோனும் அவரோட சக மருத்துவர் ரோசன்பெர்கும் 1925-லேயே இதை எழுதிட்டாங்க. ஆனா "வரலாம்"னு தெரிஞ்சா மட்டும் போதாது. வர்றதுக்கு முன்னாடி ஏதாவது அடையாளம் இருக்கா? இருந்தாத்தானே மானிட்டர் பண்ண முடியும்?

அந்த அடையாளத்தைக் காட்டினது லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பேசில் மோர்சனும் லில்லியன் பாங்கும். 1967-ல் வெளியான அவங்க கட்டுரை சொன்னது இதுதான்: புற்று வந்த குடல்களில், புற்று இல்லாத இடத்துல எடுத்த திசுவிலும் செல்களின் அமைப்பு குலைஞ்சிருக்கு. மலக்குடலில் ஒரு சின்ன சதைத் துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே எச்சரிக்கை கிடைக்கலாம். இந்தக் குலைவுக்குத்தான் டிஸ்பிளாசியான்னு பேர்.

டிஸ்பிளாசியா கேன்சர் இல்லை. செல்லின் உட்கரு பெருசாகும், கறுத்துப்போகும், வரிசை கலையும். ஆனா அந்த செல்கள் இன்னும் தன் எல்லையைத் தாண்டி உள்ளே இறங்கலை. 1983-ல் ராபர்ட் ரிடெல் தலைமையிலான நோய்க்குறியியல் நிபுணர் குழு இதை வகைப்படுத்தினாங்க: இல்லை, உறுதியாகச் சொல்ல முடியவில்லை, லோ கிரேடு, ஹை கிரேடு. உங்க பயாப்ஸி ரிப்போர்ட்டில் இன்னிக்கும் இந்தச் சொற்கள்தான் வரும்.

இங்க ஒரு முக்கியமான வித்தியாசம். சாதாரணமா வர்ற குடல் புற்று பெரும்பாலும் ஒரு பாலிப்பில் ஆரம்பிக்கும். சுவத்துல முளைச்ச காளான் மாதிரி கண்ணுக்குத் தெரியும், வெட்டி எடுத்துடலாம். கொலைட்டிஸில் அப்படி மட்டும் இல்லை. வருஷக்கணக்கா புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, உட்சவ்வு முழுவதுமே பழுதடைஞ்ச நிலம் மாதிரி ஆகிடும். மாற்றம் தட்டையா, சுத்தியிருக்கிற சவ்வோட கலந்து, ஒரே நேரத்தில் பல இடத்தில் வரலாம். ஜீன் வரிசையும் வேற. சாதாரணப் பாலிப்பில் ஏபிசி என்ற ஜீன் முதல்ல கெடும், பி53 கடைசியில் கெடும். கொலைட்டிஸில் பெரும்பாலும் பி53 முதல்லயே கெட்டுப்போகுது. அதனாலதான் "ஐம்பது வயசுல பாலிப் செக் பண்ணிக்கலாம்" என்ற பொது அட்டவணை நமக்குப் பொருந்தாது.

நம்பர்கள்: பயப்படவும் வேண்டாம், தூங்கவும் வேண்டாம்

இணையத்தில் தேடினா முதல்ல வர்ற எண்கள் 2, 8, 18. அதாவது நோய் வந்து 10 வருஷத்தில் 2 சதவீதம், 20 வருஷத்தில் 8, 30 வருஷத்தில் 18 சதவீதம் பேருக்குக் குடல் புற்று. இது 2001-ல் ஈடன், ஏப்ரம்ஸ், மேபெரி மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

ஆனா அதுல இருந்த ஆய்வுகள் பல, பெரிய மருத்துவமனைகளில் இருந்து வந்தவை. கடுமையான நோயாளிகள்தான் அங்க போய்ச் சேருவாங்க. டேட்டா சயின்ஸில் இதைத் தேர்வுச் சாய்வுன்னு சொல்வோம். க்ராஷ் ரிப்போர்ட் அனுப்பினவங்களை மட்டும் எண்ணிட்டு ஆப் எவ்வளவு தடவை க்ராஷ் ஆகுதுன்னு சொல்ற மாதிரி. 2013-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில் எண்கள் 10 வருஷத்தில் 1, 20 வருஷத்தில் 2, அதற்கு மேல் 5 சதவீதம் என இறங்கின.

இன்னும் திடமான படம் 2020-ல் லான்செட் இதழில் வந்தது. டென்மார்க், ஸ்வீடன் ரெண்டு நாட்டிலும் இந்த நோய் உள்ள 96,447 பேரைப் பதிவேடுகள் மூலம் பின்தொடர்ந்தாங்க. பொது மக்களோடு ஒப்பிட்டா புற்று வரும் வேகம் 1.66 மடங்கு. அதால் இறக்கும் வேகம் 1.59 மடங்கு. ரெண்டு மடங்குக்கும் கீழதான், ஆனா பூஜ்யம் இல்லை. இதுவும் எல்லாருக்கும் சராசரியாப் போட்ட கணக்கு. மலக்குடலோட நின்னவருக்கு ஆபத்து கிட்டத்தட்ட மத்தவங்க மாதிரியேதான். குடல் முழுக்க நோய் இருந்து, பல வருஷம் அடங்காம இருந்தவருக்கு அதிகம்.

"இது வெள்ளைக்காரங்க நோய்தானே?"

இல்லை. பஞ்சாபில் 51,910 பேரைப் பரிசோதிச்சு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், லட்சத்துக்கு சுமார் 44 பேருக்கு இந்த நோய் இருந்தது. ஐரோப்பிய நாடுகளுக்குக் கொஞ்சம்தான் கீழே.

நம்ம ஊர்ப்பக்கம் வேலூர் சிஎம்சி 2005-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 500-க்கும் மேற்பட்ட அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் குடல் புற்று. "பார்த்தியா, நம்ம சாப்பாடு, மஞ்சள், மோர், நமக்கு வராது"ன்னு வாட்ஸ்அப் மாமா சொல்ல இது போதும். கொஞ்சம் நில்லுங்க. இது மொத்தப் பேரையும் ஒரே பக்கெட்டில் போட்டு எடுத்த சதவீதம். அதில் நோய் வந்து ரெண்டு மூணு வருஷமே ஆனவங்களும் இருப்பாங்க. அவங்களுக்குப் புற்று வர இன்னும் நேரமே ஆகலை. வருஷம் கூடக்கூட ஆபத்து ஏறுது என்பது இந்தியாவிலும் மாறலை. சராசரியைப் பார்க்காதீங்க, நேர அச்சைப் பாருங்க.

அடுத்தது நேரா உங்களுக்கானது. இங்கிலாந்தின் லெஸ்டரில் குடியேறிய இந்திய வம்சாவளியினரை ப்ராபர்ட், ஜெயந்தி, மேபெரி முதலியோர் ஆராய்ந்து 1992-ல் எழுதினாங்க. அங்கே இந்த நோய் வெள்ளையர்களைவிட இந்திய வம்சாவளியினரிடம் அதிகம். 2001 எண்களில் வந்த அதே மேபெரிதான் இவர். 1999-ல் வந்த தொடர் ஆய்வில் அங்கேயே பிறந்த ரெண்டாம் தலைமுறையையும் சேர்த்துப் பார்த்தாங்க. அவங்களிடமும் அதே கதை. கனடாவின் ஒன்டாரியோவில் 2015-ல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவு: தெற்காசியாவில் இருந்து வந்த பெற்றோருக்கு அழற்சிக் குடல் நோய் குறைவு. அங்கே பிறந்த அவங்க பிள்ளைகளுக்கோ மத்த கனடாக்காரர்களுக்கு இருக்கிற அளவுக்கே ஆபத்து. சின்ன வயசில் குடியேறினவங்களுக்கும் ஆபத்து கூடுது.

அதாவது அப்பா அம்மாவுக்கு இல்லாத நோய், அவங்க கேள்விப்படாத நோய், உங்களுக்கு வரலாம். குடும்பத்தில் யாருக்கும் இல்லைன்னு சொல்றது இங்கே ஆறுதல் ஆகாது.

எப்போ, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை?

நான் இங்க யான்புவில் ஒரு ஆலையின் இன்ஸ்பெக்‌ஷன் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கிற கான்ட்ராக்டில் இருக்கேன். செங்கடல் உப்புக் காத்து, சூடு, பைப்பில் ஓடற ரசாயனம் எல்லாம் சேர்ந்து இரும்பை அரிக்கும். எல்லா பைப்பையும் தினமும் பார்க்க முடியாது. அதனால ஆபத்தைப் பொறுத்து இடைவெளி வைப்பாங்க. அரிக்கும் வாய்ப்பும், உடைஞ்சா ஆகும் சேதமும் அதிகமா இருக்கிற பைப்புக்கு அடிக்கடி. அமைதியா இருக்கிறதுக்கு நீண்ட இடைவெளி. ரிஸ்க் பேஸ்டு இன்ஸ்பெக்‌ஷன்னு பேர்.

குடலுக்கும் மருத்துவ அமைப்புகள் செய்யறது அதேதான். ஐரோப்பிய, பிரிட்டிஷ், அமெரிக்க வழிகாட்டிகள் சின்னச் சின்ன விஷயத்தில் வேறுபட்டாலும் எலும்புக்கூடு ஒண்ணுதான்.

முதல் கண்காணிப்பு கொலோனோஸ்கோப்பி சுமார் 8 வருஷத்தில். சில வழிகாட்டிகள் 8 முதல் 10 என்பாங்க. ஐரோப்பிய வழிகாட்டி இதை எண்ணுறது நோயைக் கண்டுபிடிச்ச நாளில் இருந்து இல்லை, அறிகுறி ஆரம்பிச்ச நாளில் இருந்து. அம்மாகிட்ட சொல்லாம ஓட்டின அந்த ஒன்றரை வருஷமும் கணக்கில் வரும்.

நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு அதில் பார்த்து, பிறகு மூணு வகையாப் பிரிப்பாங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை: குடலின் பெரும்பகுதியில் மிதமான அல்லது கடுமையான அழற்சி இருப்பவர்கள், கடந்த 5 வருஷத்தில் குடல் சுருக்கமோ டிஸ்பிளாசியாவோ இருந்தவர்கள், 50 வயதுக்கு முன் குடல் புற்று வந்த அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் உள்ளவர்கள்.

3 வருஷத்துக்கு ஒரு தடவை: லேசான அழற்சி தொடர்பவர்கள், பழைய புண்ணால் வந்த பொய்ப் பாலிப்புகள் உள்ளவர்கள், நெருங்கிய உறவில் 50 வயதுக்கு மேல் குடல் புற்று வந்தவர்கள்.

5 வருஷத்துக்கு ஒரு தடவை: நோய் முழுக்க அடங்கி இருப்பவர்கள், இடது பக்கத்தோடு நின்றவர்கள்.

மலக்குடலில் மட்டும் நோய் இருந்தா பொதுவா இந்த அட்டவணை தேவையில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு மட்டும் மனசுல நல்லா எழுதி வச்சுக்கோங்க. பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கற ப்ரைமரி ஸ்கிளிரோசிங் கொலஞ்சைட்டிஸ், சுருக்கமா பிஎஸ்சி, கொலைட்டிஸோட சேர்ந்து சிலருக்கு வரும். கல்லீரல் டெஸ்டில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் எண் ஏறும். அவங்களுக்கு 8 வருஷக் காத்திருப்பு கிடையாது. கண்டுபிடிச்ச நாளில் இருந்தே வருஷத்துக்கு ஒரு தடவை.

பைப் உதாரணம் ஒரு இடத்தில் உடையும். இரும்பு தேயற வேகத்தைக் கணக்குப் போடலாம், இத்தனை மில்லிமீட்டர், இத்தனை வருஷம் தாங்கும்னு. செல்கள் அப்படி வரிசையாப் போகாது. லோ கிரேடில் பல வருஷம் நிக்கலாம், படி தாண்டியும் குதிக்கலாம். அதனாலதான் தேதியைத் தள்ளிப்போடறது ஆபத்து.

உள்ளே போய் என்ன தேடறாங்க?

பழைய முறை ரேண்டம் பயாப்ஸி. ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் நாலு பக்கமும் ஒரு துணுக்கு. 33 துணுக்கு எடுத்தா, டிஸ்பிளாசியா இருந்தா அதைப் பிடிக்க 90 சதவீத நம்பிக்கைன்னு 1992-ல் ஒரு கணக்கு வந்தது. கேட்க நிறையத் தெரியும். ஆனா 33 துணுக்கும் சேர்ந்து உட்சவ்வின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. கோடிக்கணக்கான லாக் வரியில் 33 வரியை மட்டும் படிச்சுப் பார்க்கிற மாதிரி.

அதனால இப்போ முறை மாறியிருக்கு. கொலோனோஸ்கோப் வழியா இண்டிகோ கார்மைன் அல்லது மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைத் தெளிப்பாங்க. தட்டையான மேடுபள்ளத்தின் விளிம்பில் சாயம் தங்கி, கண்ணுக்குத் தெரியாதது தெரியும். மழை பெஞ்ச பிறகுதானே ரோட்டில் எங்க பள்ளம்னு தெரியுது, அந்த மாதிரி. இதுக்கு க்ரோமோ எண்டோஸ்கோப்பின்னு பேர். 2015-ல் வெளியான ஸீனிக் என்ற சர்வதேச ஒருமித்த அறிக்கை இதைத்தான் முன்னிறுத்தியது. சாயம் இல்லாம ஒளியின் நிறத்தை மாத்திப் பார்க்கிற முறைகளும், நல்ல ஹெச்டி கேமரா இருந்தா, இப்போ ஏத்துக்கப்படுது.

அப்போ ரேண்டம் பயாப்ஸி வேண்டாமா? 2018-ல் பிரான்ஸில் 1,000 பேருக்குச் சாயம் போட்டும், ரேண்டமா எடுத்தும் பார்த்தாங்க. 94 பேருக்கு மாற்றம் கிடைச்சது. அதில் 12 பேருக்கு அது ரேண்டம் துணுக்கில் மட்டும்தான் கிடைச்சது. பிஎஸ்சி இருந்தவர்கள், முன்னாடி டிஸ்பிளாசியா இருந்தவர்கள், குடல் மடிப்பு மறைஞ்சு குழாய் மாதிரி ஆனவர்கள் இவங்களிடம்தான் அந்த வாய்ப்பு அதிகம். அதனால ஆபத்து அதிகமானவங்களுக்கு ரெண்டும் பண்றாங்க.

டெக் பாட்காஸ்ட் ஆச்சே, ஏஐ பற்றிச் சொல்லாம எப்படி? கொலோனோஸ்கோப்பி ஓடும்போதே பாலிப்பைச் சுத்திப் பச்சைக் கட்டம் போடற ஜிஐ ஜீனியஸ் என்ற கருவிக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2021 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. சாதாரண பாலிப்புக்கு அது உதவும். ஆனா இந்த வகைக் கருவிகளைச் சோதிச்ச பெரும்பாலான ஆய்வுகளில் அழற்சிக் குடல் நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. நம்ம குடலில் தட்டையான மாற்றமும் தழும்பும் பொய்ப் பாலிப்பும் கலந்து கிடக்கும். பயிற்சி டேட்டாவில் இல்லாத முகத்தை மாடல் எப்படி அடையாளம் காணும்? "ஏஐ வச்சிருக்கோம்"னு போர்டு பார்த்து மயங்காதீங்க. இந்த நோயைத் தொடர்ந்து பார்க்கிற டாக்டரா, சாயம் போட்டுப் பார்ப்பாரா, இதை முதல்ல கேளுங்க.

மலத்தில் ரத்தம் இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட் இதுக்கு மாற்று ஆகாது. அழற்சி எழும்பினாலே அது பாசிட்டிவ் காட்டும். கால்புரொடெக்டின் டெஸ்ட் அழற்சியின் அளவைச் சொல்லும், டிஸ்பிளாசியாவைச் சொல்லாது.

ரிப்போர்ட்டில் ஏதாவது வந்தா?

எனக்கு வந்தது. 2021-ல் சென்னையில் செய்த முதல் கண்காணிப்பில் ஒரு துணுக்குக்கு "டிஸ்பிளாசியா உள்ளதா என உறுதியாகச் சொல்ல முடியவில்லை"ன்னு எழுதியிருந்தாங்க. பாதிக் கொலைட்டிஸ் நோயாளிகளைப் பைத்தியமாக்கற வரி அது. காரணம் எளிமை: அழற்சி இருக்கும்போது ஆறிக்கிட்டிருக்கிற செல்களும் டிஸ்பிளாசியா மாதிரியே தெரியும். அதனாலதான் முடிஞ்சவரை நோய் அடங்கியிருக்கும்போது இந்த டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?"ன்னு கேட்ட நண்பருக்கு இதுதான் நேரடிப் பதில். நல்லா இருக்கும்போதுதான் தெளிவாத் தெரியும்.

எனக்கு மருந்தை மாத்தினாங்க, குடல் நோய்க்கென்றே உள்ள இன்னொரு பேதாலஜிஸ்ட்டிடம் அதே ஸ்லைடைக் காட்டினாங்க, ஆறு மாசம் கழிச்சு சாயம் போட்டுத் திரும்பப் பார்த்தாங்க. ஒண்ணும் இல்லை. அந்த ஆறு மாசத்தை எப்படிக் கடந்தேன்னு இன்னொரு நாள் எழுதறேன்.

டிஸ்பிளாசியாவே உறுதியானா? கண்ணுக்குத் தெரியற, எல்லை தெளிவான மாற்றம்னா இப்போ பெரும்பாலும் எண்டோஸ்கோப் வழியாவே முழுசா வெட்டி எடுத்துட்டு, சில மாசத்தில் திரும்பப் பார்ப்பாங்க. கண்ணுக்குத் தெரியாம பயாப்ஸியில் மட்டும் லோ கிரேடு வந்தா, ரெண்டாவது பேதாலஜிஸ்ட் உறுதி செய்யணும், நிபுணர் ஒருத்தர் சாயம் போட்டுத் தேடணும். அதுக்கப்புறம் நெருக்கமான கண்காணிப்பா, ஆபரேஷனான்னு உக்காந்து பேசணும். வெட்டி எடுக்க முடியாத ஹை கிரேடுன்னா பெருங்குடலை எடுத்துடறதுதான் பரிந்துரை.

"குடலையே எடுத்துடுவாங்களா?" என்ற பயம் நியாயமானது. ஆனா அது முடிவு இல்லை. 1978-ல் செயின்ட் மார்க்ஸைச் சேர்ந்த பார்க்ஸும் நிக்கல்ஸும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பை மாதிரி தைத்து ஆசனவாயோட இணைக்கிற முறையை வெளியிட்டாங்க. அதனால பலர் நிரந்தரமா வயித்துல பை மாட்டாம வாழறாங்க. கல்யாணம், குழந்தை, வேலை எல்லாம் நடக்குது.

இதெல்லாம் நிஜமா உயிரைக் காப்பாத்துதா?

நேர்மையான பதில்: ரேண்டமைஸ்டு ட்ரயல் எதுவும் இல்லை. ஒரு குழுவைக் கண்காணிக்காம விட்டுப் பார்க்கிறது நியாயம் இல்லையே. இருக்கிற ஆய்வுகளை 2017-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. குடல் புற்று வந்தவங்களில், கண்காணிப்பில் இருந்தவங்க சுமார் 9 சதவீதம் பேர் அதனால் இறந்தாங்க. கண்காணிப்பில் இல்லாதவங்களில் சுமார் 22 சதவீதம்.

இதில் ஒரு பொறி உண்டு. முன்னாடியே கண்டுபிடிச்சா, இறக்கும் நாள் மாறாட்டிக்கூட, கண்டுபிடிச்ச பிறகு வாழ்ந்த காலம் நீளமாத் தெரியும். ஒழுங்கா டெஸ்டுக்குப் போறவங்க மருந்தும் ஒழுங்காச் சாப்பிடுவாங்க. அதனால இந்த வித்தியாசம் முழுக்க கொலோனோஸ்கோப்பியால் வந்ததுன்னு சொல்ல முடியாது. அந்தத் தொகுப்பும் ஆதாரத்தின் தரம் குறைவுன்னே சொல்லுது. இன்னொரு தட்டில் வைக்க வேண்டியது ஆபத்து: குடலில் ஓட்டை விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று அல்லது அதுக்கும் கீழே. ரெண்டையும் எடை போட்டுப் பார்த்துத்தான் நான் போறேன்.

கான்ட்ராக்ட் வாழ்க்கையின் ஓட்டை

இவ்வளவு நல்ல அட்டவணை இருந்தும் நம்மள மாதிரி ஆளுங்க தவற ஒரே காரணம்: அதை ஞாபகம் வச்சிருக்க யாரும் இல்லை. நோய் கண்டுபிடிச்சது திருச்சியில். முதல் கண்காணிப்பு சென்னையில். போன தடவை ஜித்தாவில். நான் இருக்கிறது யான்புவில், ஜித்தாவில் இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். சவூதியில் தனியார் நிறுவன ஊழியருக்கு முதலாளிதான் இன்சூரன்ஸ் எடுக்கணும். நல்ல சட்டம். ஆனா கான்ட்ராக்ட் முடிஞ்சு ட்ரான்ஸ்ஃபர் ஆனா, புது கம்பெனி, புது பாலிசி, புது ஹாஸ்பிட்டல் லிஸ்ட். ஃபைனல் எக்ஸிட் அடிச்சா எல்லாமே முடிஞ்சது. ஒவ்வொரு தடவையும் புது டாக்டர் முன்னாடி பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கணும்.

ஜித்தா டாக்டர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "2021 பயாப்ஸி எந்த இடத்தில் எடுத்தது? ஸ்லைடு எங்கே?" பழைய ஹாஸ்பிட்டலில் கேட்டா டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வந்தது. ரெண்டு வரி. "கொலோனோஸ்கோப்பி செய்யப்பட்டது, பயாப்ஸி எடுக்கப்பட்டது." பேதாலஜி ரிப்போர்ட்டை வாங்க என் அக்கா ரெண்டு தடவை நேரில் போய் நின்னாங்க.

இங்கே ஸிஹ்ஹத்தி ஆப் இருக்கு. இந்தியாவில் 14 இலக்க ஆபா எண் இருக்கு. ஒண்ணில் இருக்கிறது தானா இன்னொண்ணுக்குப் போகாது. நாடு மாறுற நோயாளிக்கு ஒரே சர்வர் அவரோட சொந்த ஃபோல்டர்தான்.

இப்பவே செய்ய வேண்டியது

1. அறிகுறி ஆரம்பிச்ச மாசம், வருஷம் எழுதுங்க. கூட 8 சேருங்க. அதை ஃபோன் காலண்டரில் போடுங்க. ஆபீஸ் காலண்டரில் வேண்டாம், வேலை மாறினா போயிடும்.

2. கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட், பேதாலஜி ரிப்போர்ட் ரெண்டையும் தனித்தனியா பிடிஎஃப்பா வாங்குங்க. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. நோய் எவ்வளவு தூரம், எந்த இடத்தில் எத்தனை துணுக்கு, குடல் சுத்தமா இருந்ததா, ஸ்கோப் கடைசி வரை போச்சா, இதெல்லாம் அதில் இருக்கணும்.

3. ஊருக்கு ஃபைனல் எக்ஸிட் போறதுக்கு முன்னாடி ஸ்லைடும் பிளாக்கும் எந்த லேபில், என்ன எண்ணில் இருக்குன்னு குறிச்சுக்கோங்க.

4. இன்சூரன்ஸ் அப்ரூவலுக்கு "அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், டிஸ்பிளாசியா கண்காணிப்பு"ன்னு டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்க. வெறும் "செக்கப்"னு போனா தட்டிடுவாங்க.

5. சுத்திகரிப்பு மருந்தை முழுசாக் குடிங்க. ரெண்டாவது பாதியை ஓரங்கட்டினா குடலில் மிச்சம் நின்னு மாற்றத்தை மறைக்கும். ரெண்டு மூணு நாள் முன்னாடியே கீரை, விதை உள்ள காய், கொய்யா, மாதுளை நிறுத்துங்க. முதல் நாள் வடிகட்டின தெளிவான திரவம் மட்டும்: இளநீர், வடிச்ச ரசம், பால் இல்லாத சுலைமானி. சிவப்பு, ஊதா பானம் கூடாது, உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். நம்ம வளைகுடாக்காரங்க விம்டோவை அன்னிக்கு ஒதுக்கி வைங்க. இரும்புச் சத்து மாத்திரையை எப்போ நிறுத்தணும்னு டாக்டரிடம் கேளுங்க.

6. மயக்க மருந்து கொடுத்த அன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது. யான்புவில் இருந்து ஜித்தா போனா கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, இல்ல ராத்திரி அங்கேயே தங்குங்க.

7. கண்காணிப்பைவிட முக்கியமானது அழற்சியை அடக்கி வைக்கிறது. நல்லாயிடுச்சுன்னு மெசலமைனை நீங்களா நிறுத்தாதீங்க.

8. தேதிக்கு முன்னாடியே ரத்தம் அதிகமானா, காரணமில்லாம எடை குறைஞ்சா, ரத்தசோகை வந்தா, அட்டவணையை மறந்துட்டு உடனே டாக்டரைப் பாருங்க.

எழுதின நண்பருக்கு: ஏழு வருஷம்னு சொன்னீங்க. அது கண்டுபிடிச்ச நாளில் இருந்தா, அறிகுறி வந்த நாளில் இருந்தா? முதலாவதுன்னா உங்க எட்டாவது வருஷம் ஏற்கனவே வந்திருக்கலாம். அடுத்த வருஷம்னு விடாம, இந்த வாரமே டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க. பதில் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க.

அடுத்த எபிசோடு பேக்கப் பற்றி. ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப் ஏன் பேக்கப்பே இல்லைன்னு பேசுவோம். உங்க மெடிக்கல் ஃபோல்டரையும் கையில வச்சுக்கிட்டுக் கேளுங்க.

அன்புடன், யான்புவில் இருந்து.